தலைவருக்கு ‘லப்-டப்’ கிடையாது

ரஜினிகாந்தின் மார்பில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாராம். ஊருக்கெல்லாம் ‘லப்-டப்’ என்று அடிக்கிற இதயம் தலைவருக்கு மட்டும் ‘அண்ணாமலை’ டைட்டில் இசையாக அடித்ததாம். ஈ.சி.ஜி. தாளில் கோடு விழவில்லை. ‘சூப்பர் ஸ்டார்’ என்று எழுத்து எழுத்தாக விழுந்ததாம். டாக்டர் ஃபீஸ்கூட வாங்காமல் விசிலடித்துவிட்டுப் போய்விட்டாராம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கடைக்குக் கடை ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு அலறும் லெபோ பாசார் கடைத்தெருவில் இந்த ஜோக்கைச் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது. தேத்தண்ணீர் ஆற்றுகிறவர் பதிலுக்கு இன்னொன்று சொல்வார். ரஜினி ஜோக் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு குலம் கோத்திரம் உண்டு என்பதும், அது எத்தனையோ கடல் தாண்டி வந்த சரக்கு என்பதும் பலருக்குத் தெரியாது.

நாயகனின் நெஞ்சுத் துடிப்பை வாத்தியத்தில் ஏற்றிய வேலையை நம் ஆட்கள் சங்க காலத்திலேயே முடித்துவிட்டார்கள். மன்னனின் வீரமுரசு சாதாரண மரத்தில் செய்யப்படுவதில்லை. பகைவனின் காவல் மரத்தை வெட்டி வந்து குடைய வேண்டும். மேலே போர்த்தும் தோல், புலியோடு மோதி வென்ற காளையின் தோலாக இருக்க வேண்டும் என்பது மரபு. அதில் மயிரைக்கூடச் சீவ மாட்டார்கள். அந்த முரசுக்கு நீராட்டு உண்டு, பலி உண்டு, படுத்துக்கொள்ளத் தனிக் கட்டில்கூட உண்டு. அது முழங்கும்வரை அரசு. அது பகைவன் கையில் சிக்கினால் அரசனின் கதை முடிந்தது. மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் அந்தக் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். தலை போக வேண்டிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ, வாளை எடுக்காமல் விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினான். வெட்ட வேண்டியவன் விசிறினான் என்ற செய்தியைப் புலவர் புறநானூற்றில் பதிய வைத்தார். மாஸ் ஹீரோவின் கருணைக் காட்சிக்கு அதைவிடப் பழைய முன்மாதிரி கிடைப்பது கஷ்டம்.

போர்க்களத்தில் இப்படியென்றால், வைத்தியர் வீட்டில் இதே யோசனை வேறு வேஷம் கட்டியது. சித்த மருத்துவர்கள் நாடியைக் கையில் பிடித்தபோது அதில் நடை கேட்டார்கள். வாத நாடி அன்னம்போல, மயில்போல நடக்கும். பித்த நாடி ஆமைபோல, அட்டைபோல ஊரும். கப நாடி தவளைபோலத் தத்தும். மூன்றுக்கும் ஒன்று, அரை, கால் என்று மாத்திரைக் கணக்கும் வைத்தார்கள். தாளம் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1747-ல் பிரான்சின் நான்சி நகரத்து மருத்துவர் பிரான்சுவா நிக்கோலா மார்க்கே ஒரு படி மேலே போனார். நாடித் துடிப்பை இசைக்குறிப்புகளாகவே ஐந்து கோட்டில் எழுதிப் புத்தகம் போட்டார். ஆரோக்கியமான நாடிக்கு அவர் பிடித்த அளவுகோல் மினுவெட் என்ற நடன இசை. அவர் கணக்குப்படி உடம்பு சரியில்லாத பிரெஞ்சுக்காரர் தாளம் தப்பியவர். இதயம் இசையாகத் துடிக்கிறது என்ற பேச்சு, ஒரு காலத்தில் முழு விறைப்போடு சொல்லப்பட்ட மருத்துவம்.

இனி புளுகுக்கு வருவோம். புளுகிலும் இசைக்கு நல்ல பங்கு உண்டு. கடுங்குளிரில் பேச்சு உறைந்துபோய், கோடையில் உருகிக் காதில் விழும் ஊர் ஒன்று இருந்ததாக அந்திஃபனீஸ் சொன்ன கதையை கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதி வைத்தார். 16-ம் நூற்றாண்டில் பிரான்சின் ரப்லே அதைக் கடலுக்குக் கொண்டுபோய், உறைந்த சொற்களைக் கப்பல் தளத்தில் கொட்டவிட்டார். 1780-களில் அதே சரக்கு ஜெர்மனியின் முன்சௌசன் பிரபு பெயரில் வந்து சேர்ந்தது. ரஷ்யக் குளிரில் தபால் வண்டிக்காரர் எவ்வளவு ஊதியும் கொம்பு ஒலிக்கவில்லை. சத்திரத்தில் அடுப்போரம் மாட்டி வைத்தால், உறைந்த மெட்டெல்லாம் உருகித் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டது. சரக்கு பழையது, லேபிள் மட்டும் புதிது. இந்தத் தொழிலின் விதி அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

முன்சௌசன் உண்மையான மனிதர். ரஷ்யப் படையில் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு விருந்தாளிகளுக்குக் கதை விடுவதில் கெட்டிக்காரர். அவர் பெயரை எடுத்துப் புத்தகமாக்கியவர் ருடால்ஃப் எரிக் ராஸ்பே. காசெல் நகரில் தன் பொறுப்பில் இருந்த அரும்பொருள்களைத் திருடி விற்றுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடியவர். 1785-ல் தன் பெயரைப் போடாமல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மறு ஆண்டே கவிஞர் பியூர்கர் அதைத் திரும்ப ஜெர்மனுக்குக் கொண்டுவந்து, தன் பங்குக்குச் சில புளுகுகளையும் சேர்த்தார். உயிரோடு இருந்த பிரபுவுக்குக் கோபமான கோபம். திருடியது ஒருவர், பெருக்கியது இன்னொருவர், பேர் கெட்டது மூன்றாமவருக்கு.

அந்த மறு ஆண்டு 1786. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அவர் பெயரிலும் ஒரு கதை உடனே ஒட்டிக்கொண்டது. தீவு முழுக்க அடர்ந்த காடு; வெட்ட ஆள் வரவில்லை. லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையே வெட்டித் தள்ளிவிட்டார்களாம். நடந்ததோ இல்லையோ, இன்றும் ஜார்ஜ் டவுன் பிறந்த கதையைத் தொடங்குகிறவர்கள் அந்தப் பீரங்கியில்தான் தொடங்குகிறார்கள். ஊரே ஒரு நாயகப் புளுகில் பிறந்திருக்கிறது என்றால், ரஜினி ஜோக்குக்கு இங்கே செழிப்பான மண் இருப்பதில் வியப்பில்லை.

டாக்டர் வரும் ஜோக்குக்கு ஒரு கருவி பாக்கி இருந்தது. 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லேனெக் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தில் குழல் கடைந்துகொண்டார். லேனெக் புல்லாங்குழல் வாசிப்பவர். ஸ்டெதஸ்கோப் ஒரு குழல்காரரின் கையில் பிறந்தது தற்செயலாக இருக்கலாம்; இந்தக் கட்டுரைக்கு அது தேனாக வந்து விழுகிறது.

புளுகு அட்லாண்டிக்கைத் தாண்டியதும் தசை போட்டது. டேவி கிராக்கெட் டென்னசியின் வேட்டைக்காரர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். 1835 முதல் அவர் பெயரில் மலிவு விலைப் பஞ்சாங்கங்கள் வரத் தொடங்கின. நிலா பிறை, வானிலை இவற்றோடு இடையிடையே கிராக்கெட்டின் சாகசங்கள். 1836-ல் அலமோ போரில் அவர் செத்துப்போனார். பஞ்சாங்கமோ இன்னும் 20 ஆண்டுகள் வந்தது. ஒரு கதையில் பூமி அச்சோடு உறைந்து சூரியன் உதிக்க முடியாமல் திணற, கிராக்கெட் கரடி நெய்யை ஊற்றி முடுக்கிவிட்டு, விடியலில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். சிரிக்காத முகம், முடியாத காரியம், கடைசியில் ஒரு அலட்சியம். ரஜினி ஜோக்கின் எலும்புக்கூடு முழுசாக இதில் இருக்கிறது. குறைவது பின்னணி இசைதான்.

அந்த இசையைத் தேடினால் மறுபடி பினாங்குக்கே வர வேண்டும். தெருக்கூத்தில் நாயகன் சும்மா நடந்து வந்துவிட மாட்டான். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடி, மத்தளம் உச்சத்துக்குப் போனதும்தான் முகம் காட்டுவான். பம்பாயிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் இந்த வருகைக்கு ஆர்மோனியமும் வண்ணத் திரைச்சீலையும் சேர்த்தன. தமிழ் நாடக மேடையும் அவர்களிடம் கற்றது. 1870-களில் அவை கடல் தாண்டிப் பினாங்குக்கும் வந்தன. பாஷை புரியாமலே மலாய்க்காரரும் சீனரும் தமிழ் முஸ்லிம்களும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். 1885-ல் பினாங்கின் மாமாக் புஷி, பார்த்ததை மலாயில் செய்து பார்க்க ஒரு குழுவைத் தொடங்கினார். முதலில் அதற்கு மக்கள் வைத்த பெயரே பார்சி நாடகத்தின் நகல் என்பதுதான். அந்த நகல்தான் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகமாக வளர்ந்து சிங்கப்பூர், ஜாவா, சுமத்ரா என்று போனது. ராஜாவுக்கு ஒரு மெட்டு, சோகத்துக்கு ஒரு மெட்டு, சண்டைக்கு ஒரு மெட்டு என்று அதில் கணக்கு உண்டு. திரைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதை வாத்தியம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

பங்சாவான் நடிகர்கள் பிறகு சிங்கப்பூர் ஸ்டுடியோக்களுக்குப் போய் மலாய் சினிமாவைத் தொடங்கி வைத்தார்கள். அங்கே இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் இந்தியர்கள். 1929-ல் ஜார்ஜ் டவுனில் பிறந்த பி. ரம்லியை ‘பக்தி’ (1950) படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன். கூத்து, பார்சி, பங்சாவான், சினிமா என்று கைமாறிக்கொண்டே வந்தாலும், நாயகனுக்கு முன் அவன் இசை வர வேண்டும் என்ற சட்டம் மாறவில்லை.

இப்போது தலைவரின் நெஞ்சில் ஒலிக்கும் அந்த மெட்டுக்கு வருவோம். ‘அண்ணாமலை’யை முதலில் இயக்க இருந்தவர் வசந்த். அவர் விலகிக்கொள்ள, படப்பிடிப்புக்குச் சில நாள்களே இருக்கும்போது கே. பாலசந்தர் தன் சீடர் சுரேஷ் கிருஷ்ணாவை உள்ளே இழுத்துவிட்டார். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் தொடங்கும் விதத்தில் மனம் பறிகொடுத்த சுரேஷ் கிருஷ்ணா, ரஜினிக்கும் அப்படியொன்று வேண்டும் என்று நினைத்தார். நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ‘சூப்பர் ஸ்டார்’ ஆக, பின்னால் பொன்னெழுத்தில் ‘ரஜினி’ வர, தேவாவின் இசை முழங்கியது. 1992 ஜூனில் படம் வெளியானது முதல் அந்தச் சில நொடிகள் திரையரங்குகளில் தேசிய கீதத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டன. எழுந்து நிற்கிறவர்கள் உட்கார மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். பட்டம் அதற்கு முன்பே வந்தது. 1978-ல் ‘பைரவி’யைச் சென்னையில் வெளியிட்ட எஸ். தாணு, பிளாசா தியேட்டரில் 35 அடி கட்அவுட் வைத்து ‘சூப்பர் ஸ்டார்’ என்று விளம்பரம் செய்தார்.

சரி, பாண்டுக்கு அந்த இசை எங்கிருந்து வந்தது? 1962-ல் ‘டாக்டர் நோ’ படத்துக்கு மெட்டுப் போட்டவர் மான்டி நார்மன். ஒன்றும் சரியாக அமையாமல் தன் பழைய மேசை இழுப்பறையைக் குடைந்தார். கைவிடப்பட்ட ஒரு மேடை இசைநாடகத்துக்கு அவர் போட்டிருந்த மெட்டு கிடைத்தது. அந்த நாடகம் வி.எஸ். நைப்பாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலைத் தழுவியது. டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சத்தைப் பற்றிய கதை. தும்மினால் ஆகாது என்று ஊர் ஒதுக்கும் ஒரு மனிதன் பாடுவதாக, இந்திய வாசனையோடு போடப்பட்ட மெட்டு அது. நார்மன் சுரங்களைச் சற்றே வெட்டி எடுத்தார். ஜான் பேரி பித்தளை வாத்தியங்களை ஏற்றினார். விக் ஃபிளிக் கிட்டாரில் முறுக்கினார். தும்மல்காரன் துப்பாக்கிக்காரன் ஆனான். மெட்டு யாருடையது என்ற சண்டை கோர்ட்டுக்குப் போய், 2001-ல் நார்மனுக்கு 30,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. தோட்டக் கூலியாகக் கடல் கடந்த இந்தியரின் துக்கத்துக்குப் போட்ட மெட்டு, லண்டனில் கோட்டு மாட்டிக்கொண்டு பாண்டாகி, சென்னையில் பால்காரர் அண்ணாமலைக்கு வழிகாட்டியாகி, ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் விசிலடிக்கும் மலேசியத் தியேட்டருக்கு வந்து சேர்ந்தது. எந்தப் புளுகரும் இவ்வளவு துணிந்து ஜோடித்திருக்க மாட்டார்.

இசை தயார். ஜோக்கின் சட்டகம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது, அதுவும் தற்செயலாக. 2004-ல் என்.பி.சி. தொலைக்காட்சியும் யுனிவர்சலும் இணைந்தன. அதனால் சக் நோரிஸ் நடித்த ‘வாக்கர், டெக்சஸ் ரேஞ்சர்’ தொடரின் துண்டுகளைக் காசு கொடுக்காமல் காட்டலாம் என்று தெரிந்ததும், கோனன் ஓபிரையன் தன் இரவு நிகழ்ச்சியில் ஒரு நெம்புகோலை வைத்து, இழுக்கும்போதெல்லாம் ஒரு துண்டை ஓட்டினார். கராத்தே வீரரின் விறைத்த முகம் வேடிக்கையானது. 2005-ல் இயான் ஸ்பெக்டர் என்ற மாணவர், நடிகர் வின் டீசலைப் பற்றிய மிகைப் புளுகுகளைச் சுழற்றித் தரும் இணையதளம் ஒன்றைச் செய்தார். வின் டீசல் அலுத்ததும் அடுத்தது யார் என்று வாக்கெடுப்பு வைத்தார். பட்டியலிலேயே இல்லாத சக் நோரிஸ் ஜெயித்தார். ‘சக் நோரிஸ் உண்மைகள்’ உலகைச் சுற்றின. 2007-ல் அவற்றை பெங்குவின் புத்தகமாகப் போட்டபோது நோரிஸ் வழக்குப் போட்டார். பிறகு அதைக் கைவிட்டு, 2009-ல் தானே ‘அதிகாரபூர்வ’ப் புத்தகம் வெளியிட்டார். முன்சௌசன் பிரபுவுக்கு இந்த வியாபார மூளை இல்லாமல் போயிற்று.

இந்தியாவில் எஸ்.எம்.எஸ். மலிந்த நேரத்தில் ‘சிவாஜி’ (2007) வந்தது, பிறகு ‘எந்திரன்’ (2010). சக் நோரிஸ் என்று இருந்த இடத்தில் ரஜினிகாந்த் என்று தட்டினால் போதும், ஜோக் ரெடி. எண்ணிலியை இரண்டு முறை எண்ணியவர், வெங்காயத்தை அழவைத்தவர் என்று பாதிக்கு மேல் பெயர் மாற்றிய சரக்கு. சொந்தச் சரக்குக்கும் குறைவில்லை. ‘நரசிம்மா’வில் (2001) விஜயகாந்துக்குக் கரண்ட் ஷாக் கொடுக்கப்போய் கரண்டுக்கே ஷாக் அடித்த காட்சியால் கேப்டனுக்குத் தனிக் கிளை முளைத்தது. 2013-ல் தோனி ட்விட்டரில் ‘சர் ஜடேஜா’ பற்றி எடுத்துவிட, கிரிக்கெட்டும் சேர்ந்துகொண்டது. 2012-ல் ரஜினி பெயரில் வந்த ஓர் இணையதளம் இணைய இணைப்பைத் துண்டித்தால் மட்டுமே திறந்தது.

ஆனால் பெயரை மாற்றி ஒட்டினால் எல்லார் மேலும் ஒட்டிவிடாது. ‘எந்திரன்’ இந்திப் பதிப்பின் விழாவில் ரஜினியே சொன்ன கதை ஒன்று உண்டு. பெங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்துவீட்டு ராஜஸ்தானி முதியவர், ‘தலைமுடி என்னாச்சு, ரிட்டயர் ஆகிவிட்டாயா’ என்று விசாரித்தாராம். ஒரு படம் செய்கிறேன், ஐஸ்வர்யா ராய் கதாநாயகி என்றார் ரஜினி. ‘பேஷ், ஹீரோ யார்?’ ‘நான்தான்.’ முதியவர் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விட்டாராம். போன பிறகு ‘ஐஸ்வர்யாவுக்கு என்ன கேடு வந்தது’ என்று அவர் புலம்பியது காதில் விழுந்ததாம். சபை அதிரச் சிரித்தது. திரையில் சூரியனையே நிறுத்துகிறவர், வெளியே வழுக்கையோடும் வெள்ளைத் தாடியோடும் வந்து தன்னையே கேலி செய்துகொள்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் ஜோக்குக்கான இடம். அது இல்லாத நடிகரைப் பற்றிச் சொன்னால் மிகை வெறும் ஜால்ராவாகிவிடும். அதே காரணத்தால்தான் ரஜினி ஜோக்கைக் கேட்டு ரஜினி ரசிகர்தான் முதலில் சிரிக்கிறார்.

2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தது. தயாரிப்பாளர், அன்றைக்கு 35 அடி கட்அவுட் வைத்த அதே தாணு. பா. இரஞ்சித் கதையை மலேசியத் தோட்டத் தமிழர்களின் மேல் நிறுத்தினார். கோட்டு போட்ட கபாலி அந்தத் தோட்டத்தின் பிள்ளை. ஏர் ஏசியா ஒரு விமானத்தின் மேல் ரஜினியை வரைந்து பறக்கவிட்டது. மலாய் மொழிமாற்றப் பதிப்பும் தயாரானது. மற்ற நாடுகளில் படம் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும், கபாலிக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்பவர் யூகிக்க வேண்டும். மலேசியாவில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. கபாலி போலீசில் சரணடைந்தார் என்று திரையிலேயே எழுதிக் காட்டினார்கள்.

காளைத்தோல், பீரங்கி, கரடி நெய் எல்லாவற்றையும் தாண்டி வந்த மிகை முதன்முறையாகத் திரையில் எழுதிய ஓர் அறிவிப்பில் முட்டி நின்றது. நின்றதா என்ன? இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் இந்தத் தொழிலுக்கு உண்டு. கபாலி ஸ்டேஷனுக்குப் போனது உண்மைதானாம். உள்ளே நுழைந்ததும் ஸ்டேஷன்தான் சரணடைந்ததாம். டூட்டி டாக்டரை அழைத்து நாடி பார்க்கச் சொன்னார்களாம். அவர் கையைப் பிடித்தவுடன் லாக்கப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று விசிலடித்தார்களாம்.